பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்க: துளைகளை எண்ணுவதில் தொடங்குங்கள்

பெரியப்பாவின் மீன்பிடிப் படகு என் கைக்கு வந்தபோது, அது ஒன்பது வருடங்களாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. 5 மீட்டர் நீளம், ஃபைபர் உடல், பின்புறம் ஒற்றை அவுட்போர்டு இன்ஜின். பார்த்தவர்கள் எல்லோரும் பெயின்ட் அடித்தால் போதும் என்றார்கள். எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது. அன்று மாலை என் மகள் இன்ஜின் மாட்டும் பின்பலகையில் இருந்த துளைகளை எண்ணிச் சொன்னாள்: 31. அவற்றில் ஏதாவது பொருத்தப்பட்டிருந்தவை பதினொன்று மட்டுமே. மீதி இருபதும் எப்போதோ கழற்றிய தூண்டில் தாங்கி, எப்போதோ மாற்றிய விளக்கு, இடம் மாறிய கொக்கி ஆகியவற்றின் மிச்சங்கள். சில திறந்தே கிடந்தன. சிலவற்றின் வாயில் சிலிக்கான் பசை உலர்ந்து உரிந்துகொண்டிருந்தது.

பெயின்ட் டப்பாவை அன்றே ஒதுக்கி வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண்ணாடி இழை அழுகாது. ஆனால் நாம் ஃபைபர் படகு என்று சொல்வதன் வயிற்றுக்குள் நிறைய மரம் இருக்கிறது. பெரும்பாலான பழைய படகுகளில் பின்பலகையின் நடுவே பிளைவுட், அடியில் நெடுக ஓடும் சட்டங்கள், மேலே நாம் நிற்கும் தளம் ஆகிய மூன்றும் மரத்தின்மேல் ஃபைபர் போர்த்தியவை. தண்ணீர் ஒரு திருகுத் துளை வழியாக உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை. வெளித்தோல் பளபளப்பாக இருக்க, உள்ளே மரம் கறுத்து, ஊறிப்போன அட்டை போல ஆகிவிடும். அதனால் இந்த வேலை முழுவதும் தண்ணீர் எங்கே நுழைந்தது என்று தேடும் வேலை. பிறகு அதே வழியை நாமே மறுபடி திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

தட்டிக் கேளுங்கள்

ஒரு சிறிய கொட்டாப்புளியோ, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியோ போதும். பின்பலகையையும் தளத்தையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கூர்மையாகப் பதில் சொல்லும். அழுகிய இடம் 'தொப்' என்று சத்தத்தை விழுங்கும். என் மகள் தட்ட, நான் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டேன். அவள் காது என் காதைவிடத் துல்லியம். ஒரு மணி நேரத்தில் தளத்தின் பாதி வெள்ளை வட்டங்களால் நிரம்பியது. வட்டங்கள் எங்கே நெருக்கமாக இருந்தன என்று பார்த்தபோது கதை தெளிவாகிவிட்டது: இருக்கையின் கால்களைச் சுற்றி, பேட்டரிப் பெட்டியைச் சுற்றி, வடிகால் துளையைச் சுற்றி. திருகு இருந்த இடமெல்லாம் ஈரம்.

சந்தேகம் உள்ள இடத்தில் உள்பக்கமிருந்து 5 மில்லிமீட்டர் துளை போட்டு, வெளியே வரும் மரத்தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் நல்லது. கறுப்பாகக் குழைந்து வந்தால் அது அழுகல், முகர்ந்து பார்த்தாலே தெரியும். இன்ஜின் மாட்டியிருந்தால் அதன் கீழ்ப்பகுதியில் உடல் பாரத்தைக் கொடுத்து மேலும் கீழும் அசையுங்கள். பின்பலகை சற்று வளைந்து கொடுத்தாலும் அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். இதில் மட்டும் சமரசமே கூடாது. இன்ஜினின் எடையும் தள்ளுவிசையும் முழுவதும் அந்த ஒரு பலகைமேல்தான் விழுகிறது.

மிதப்புக்காகத் தளத்துக்கு அடியில் நிரப்பிய ஃபோமையும் தோண்டிப் பாருங்கள். உலர்ந்த ஃபோம் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோவை நீரில் தாங்கும். ஆண்டுக்கணக்கில் நீரில் கிடந்து ஊறிய ஃபோம் எதையும் தாங்காது, அதுவே சுமையாகிவிடும். என் படகிலிருந்து வெட்டியெடுத்த ஃபோமைத் தராசில் வைத்தேன். மொத்தம் 84 கிலோ. பெரியவர் ஒருவரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டுதான் பெரியப்பா இத்தனை ஆண்டுகள் கடலுக்குப் போயிருக்கிறார். கடைசிக் காலத்தில் படகு மந்தமாகிவிட்டது என்று அவர் இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

வெட்டுவதற்கு முன்

எல்லாவற்றையும் புகைப்படம் எடுங்கள். தளத்தின் உயரம், சட்டங்களுக்கு இடையிலான அகலம், பின்பலகையின் சாய்வு, இன்ஜின் நிற்கும் இடத்தின் உயரம் ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிய்த்தெடுத்த பிறகு இந்த அளவுகள் எங்கும் கிடைக்காது.

அடுத்தது படகைத் தாங்கி நிறுத்துவது. தளமும் சட்டங்களும்தான் படகின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டியதும் ஃபைபர் உடல் மெல்லிய ஓடாகிவிடும். ட்ரெய்லரின் இரண்டு உருளைகள்மேல் நிற்கவிட்டு வெட்டினால், உருளைகள் பட்ட இடத்தில் அடிப்பகுதி உள்வாங்கும். அந்த வளைந்த நிலையிலேயே புதிய சட்டங்களை ஒட்டினால் வளைவு நிரந்தரமாகிவிடும். அடிப்பகுதியின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய கட்டைகளைக் குறைந்தது நான்கு இடங்களில் கொடுங்கள். மேல்விளிம்பில் குறுக்காக இரண்டு சட்டங்களைக் கட்டுங்கள். பிறகு, நெடுக்குச் சட்டங்களில் ஒன்றை எடுத்துப் புதியது போட்டு, அது இறுகிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிய ஒருவருடைய படகை நான் பார்த்திருக்கிறேன். அது இப்போது நேராக ஓடுவதில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகிறது.

தூசியைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டும். கிரைண்டரில் பறக்கும் கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்குள் போகக்கூடாத பொருள். துணி முகமூடி போதாது. தூசி வடிகட்டியும், ரெசின் (கண்ணாடி இழையை நனைத்து ஒட்டி, பிறகு இறுகிவிடும் திரவம்) ஆவிக்கான கரி வடிகட்டியும் மாட்டக்கூடிய ரப்பர் முகமூடி வாங்குங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் குளியுங்கள். வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து இழைகளை உள்ளே விடும் என்று எனக்குச் சொன்னார்கள். காரணம் எதுவானாலும், குளிர்ந்த நீரில் குளித்த நாட்களில் அரிப்பு குறைவாகவே இருந்தது.

பின்பலகை

உள்பக்கத் தோலை ஓரத்தில் ஒரு கைப்பிடி அகலம் விட்டு வெட்டுங்கள். வெளித்தோலைத் தொடாதீர்கள், அதுதான் உங்கள் அச்சு. அழுகிய மரத்தை உளியாலும் கடப்பாரையாலும் சுரண்டியெடுக்க எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நடுவில் கையால் அள்ளும் அளவுக்குச் சேறு. ஓரங்களில் மட்டும் மரம் கல்லைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

புதிய மரம் கொதிநீர் தாங்கும் பசையில் ஒட்டிய, உள்ளே இடைவெளிகள் இல்லாத கடல்தரப் பிளைவுட்டாக இருக்கட்டும். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் வாங்காதீர்கள். அந்த ஓட்டை பின்னாளில் தண்ணீர் ஓடும் குழாயாகிவிடும். பழைய பலகையின் தடிமனை அளந்து அதே தடிமனைக் கொண்டு வாருங்கள். என்னுடையதில் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒன்றாக ஒட்டினேன். கூடிப்போனால் இன்ஜினின் பிடி உட்காராது. உயரமும் முக்கியம்: அவுட்போர்டு இன்ஜின்களின் கால் நீளம் பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்ற வரிசையில் வருகிறது. உங்கள் இன்ஜினுக்கு ஏற்ற உயரத்தில் பலகை நிற்க வேண்டும். பிற்பாடு வேறு இன்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

வெளித்தோலோடு புதிய பலகையை ஒட்டும்போது, தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசினை முழுப் பரப்பிலும் பல்வரிசைக் கரண்டியால் பரப்பிவிட்டு கிளாம்ப் போடுங்கள். ஓரங்களில் எல்லாப் பக்கமும் ரெசின் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். ஒட்ட வேண்டிய ரெசின் முழுவதும் வெளியே போய்விடும்.

ரெசின்: பொறுமை வேண்டிய இடம்

இந்த வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வகை ரெசின் பயன்படுகிறது. பாலியெஸ்டர் விலை குறைவு. பெரும்பாலான பழைய படகுகள் அதில்தான் செய்யப்பட்டவை. எபாக்சி விலை கூடுதல்; ஆனால் பழைய ஃபைபரிலும் மரத்திலும் அது பிடிக்கும் பிடி வேறு. இறுகிய பாலியெஸ்டர்மேல் எபாக்சி நன்றாக ஒட்டும். இறுகிய எபாக்சிமேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே, ஒரு இடத்தில் எபாக்சியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தை எபாக்சியிலேயே முடியுங்கள். நான் பின்பலகைக்கும் சட்டங்களுக்கும் எபாக்சி போட்டேன். கட்டுமானத்தைத் தாங்கும் இடத்தில் சிக்கனம் பார்க்க மனம் வரவில்லை.

ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடித் துணியிலும் கவனம் வேண்டும். 'மேட்' என்று விற்கும், துண்டு இழைகளை ஒட்டிச் செய்த விரிப்பில் பெரும்பாலானவற்றைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரைவதற்காக உள்ளது. எபாக்சியில் அது கரையாது. விரிப்பு விறைப்பாகவே நிற்கும், மூலைகளில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள்.

பாலியெஸ்டரில், அதை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். வெயில் நாளில் குறைவாகவும் குளிர்ந்த நாளில் அதிகமாகவும் அந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம். இறுகுவதை வேகப்படுத்தும், கோபால்ட் கலந்த ஆக்சிலரேட்டரைத் தனியாகக் கலக்க வேண்டிய ரெசின் என்றால், அதை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். இரண்டு புட்டிகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூட வேண்டாம்.

எபாக்சி கணக்கு வேறு. வேகமாக இறுக வேண்டும் என்று, அதோடு கலக்கும் இரண்டாவது திரவமான ஹார்டனரைக் கூட்டினால் அது வேகமாக இறுகாது. எப்போதும் முழுமையாக இறுகாது. புட்டியில் எழுதிய விகிதம் அப்படியே வர வேண்டும். அந்த விகிதம் எடைக்கா கன அளவுக்கா என்று படியுங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல, அதனால் இரண்டு விகிதங்களும் ஒன்றாக இருக்காது. நான் முதல் நாள் கன அளவு விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலந்தேன். இரண்டு நாள் கழித்தும் விரல் வைத்தால் ஒட்டியது. முழுவதையும் சுரண்டியெடுத்து, அசிட்டோனால் துடைத்து, முதலிலிருந்து செய்தேன். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்து வைக்கவும் வேண்டாம். தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு பரவி, வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

மரத்துக்குப் பூசும் நேரத்தைப் பற்றி எந்தப் புட்டியிலும் எழுதியிருக்கவில்லை. நானே கண்டுகொண்டது இது. காலையில் பூசியபோது வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து, பூச்சு முழுவதும் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பின. ஒவ்வொரு குமிழியும் ஒரு துளை. மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசியபோது உள்ளே இருந்த காற்று சுருங்கி, மரம் ரெசினைக் குடித்தது. அதற்குப் பிறகு முதல் பூச்சு எல்லாவற்றையும் சூரியன் சாய்ந்த பிறகே செய்தேன். பலகையின் வெட்டுமுகங்களுக்கு மூன்று முறை பூசுங்கள்; தண்ணீர் மிக எளிதாக நுழைவது அங்கேதான்.

கண்ணாடித் துணி கூர்மையான மூலையில் வளையாது. கீழே காற்று நிற்கும். சட்டமும் அடிப்பகுதியும் சேரும் மூலையில் கெட்டியான ரெசினைத் தடவி, கரண்டியின் முதுகால் இழுத்துக் குழிவாக்குங்கள். அது சற்று இறுகியதும் துணியைப் போடுங்கள். பழைய ஃபைபரோடு சேரும் இடத்தில் பளபளப்பு முழுவதும் போகத் தேய்த்திருக்க வேண்டும். உடைந்த இடத்தை ஒட்டுவதானால், தோலின் தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்: 5 மில்லிமீட்டர் தோல் என்றால் 60 மில்லிமீட்டர் சரிவு. முழுமையாக இறுகிய எபாக்சிமேல் மெழுகு போன்ற ஒரு படலம் படியலாம். அதை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளேதான் போகும். முதலில் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் கொண்டு கழுவுங்கள், பிறகு தேயுங்கள்.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு சடங்கு

என் 31 துளைகளில் புதிய பலகையில் மிஞ்சியவை ஆறு. அந்த ஆறையும் இப்படிச் செய்தேன்: தேவைக்கு மேல் பெரிதாக, ஏறத்தாழ இரண்டு மடங்கு விட்டத்தில் துளையிடுங்கள். உள்சுவர்களில் நீர்த்த எபாக்சியைப் பூசி, கெட்டியான எபாக்சியால் அடைத்து இறுக விடுங்கள். பிறகு அதன் நடுவே சரியான அளவில் துளையிடுங்கள். இப்போது போல்ட் மரத்தைத் தொடுவதே இல்லை. எபாக்சிக் குழாய்க்குள் நிற்கிறது. பசை ஒருநாள் விட்டுப்போனாலும் தண்ணீருக்கு மரம் கிடைக்காது.

போல்டைச் சுற்றிப் பாலியூரித்தேன் பசை போடுங்கள். அதில் நிரந்தரமாக ஒட்டும் வகையும் இருக்கிறது. பின்னாளில் கழற்ற வேண்டிய பொருளுக்கு அதைப் போட்டால், கழற்றும்போது ஃபைபரின் தோலும் சேர்ந்து வரும். சிலிக்கானை நான் படகில் எங்கும் அனுமதிப்பதில்லை. அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்ட்டும் வேறு பசையும் பிடிக்காது. மீன் தேடும் கருவியின் உணரிக்கும், நீர் வேகமானிக்கும் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தபோது, ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையைப் பின்பலகையின் வெளியே பசையால் மட்டும் ஒட்டி, கருவிகளை அதில் திருகினேன். கருவி எத்தனை முறை மாறினாலும் படகு துளைபடாது. இந்த ஒரு சின்ன வேலையில் எனக்கு இருக்கும் திருப்தி, படகின் புதிய நிறத்தைப் பார்த்தால்கூட வருவதில்லை.

தளம் மூடுவதற்கு முன் வடிகால் பாதை ஒவ்வொன்றிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். படகின் முன்முனையான அணியத்தில் ஊற்றியது எங்கும் தேங்காமல் பின்பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். தேங்கினால் அங்கேதான் அடுத்த அழுகல்.

மின்சாரமும் பம்பும்

பழைய வயரைக் காப்பாற்ற முயலாதீர்கள். உறையை உரித்துப் பாருங்கள். தாமிரம் கறுத்திருந்தால் உள்ளே வெகுதூரம் அப்படித்தான் இருக்கும். வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட தாமிர வயரை வாங்குங்கள். முனைகளை அதற்குரிய கருவியால் நெரித்துப் பொருத்தி, உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயால் மூடுங்கள். வயரின் தடிமனைக் கணக்கிடும்போது போகும் தூரத்தோடு திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்மை ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு முன்பான வயர்த் துண்டு உரசிப் பற்றினால் அதை நிறுத்த எதுவும் இல்லை என்பதால்தான் அந்தத் துண்டு அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும்.

நீர் இறைக்கும் பம்பு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேரடியாகச் செல்லட்டும். முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு நீங்கள் கரையேறிய பிறகும் மிதவைச் சுவிட்ச் அதை இயக்க வேண்டும். வெளியேறும் குழாய் உள்ளே வழவழப்பாக, வளைவுகள் குறைவாக, நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே முடியட்டும். பெட்டியில் எழுதிய கொள்திறன், குழாயின் உயரத்தைக் கணக்கில் எடுக்காதது. ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வெளியே போகிறது என்று நீங்களே பாருங்கள்.

எரிபொருள் குழாய்களையும் பம்பிக் கொடுக்கும் ரப்பர் குமிழையும் பார்க்காமலே மாற்றிவிடலாம். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைச் சேருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். தொட்டி மூடிய இடத்தில் இருந்தால் காற்றோட்டம் இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

இன்ஜினுக்குள் நான் அதிகம் போகவில்லை. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தேன். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்ததால் வைத்துக்கொண்டேன். நீரேற்றும் இம்பெல்லரை மாற்றினேன். கியர் எண்ணெய் பால் போல வெளுத்து வந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அதுவே சாட்சி, எனவே சீல்களையும் மாற்றினேன். இன்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேயும் உலோகக் கட்டி உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம். அதன்மேல் பெயின்ட் பட்டால் அது வேலை செய்யாது.

பெயின்ட் அடித்தது கடைசியில்தான். இரண்டு நாள் வேலை.

நீரில் இறக்கும் நாள்

முதல் முறை ட்ரெய்லரின் பட்டையை அவிழ்க்காமலேயே படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். அதற்கு முன் உள்ளே அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து, செய்தித்தாள்களை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் கறை காட்டும், எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தது என்றும் காட்டும். எனக்கு வடிகால் துளையின் இடப்பக்கம் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. மறுபடி மேலே இழுத்து, பித்தளை வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன். வளையத்துக்கு அடியில் ஒரு இடத்தில் பசை நிரம்பாமல் இருந்தது. துடைத்து, உலரவிட்டு, புதிதாகப் பசை போட்டு, நான்கு நாட்கள் கழித்து மறுபடி இறக்கினோம். மகள் தாளைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, உலர்ந்திருக்கிறது என்றாள். பிறகுதான் பட்டையை அவிழ்த்தேன்.